நான் அளக்கச் சொன்ன தடம்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தார் ரோட்டில் போகும் பஸ்ஸின் நிறம் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியும். அவ்வளவு பக்கம். ஆனால் அந்த ஐந்து மாதமும் அந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால், நாங்கள் ரோட்டுப் பக்கம் திரும்பாமல் வடக்கே நடந்து, ஓடைக்குள் இறங்கி, எதிர்க்கரை ஏறி, அடுத்தவர் காட்டு வேலியோரமாகச் சுற்றி அரை மணி நேரம் போக வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் நான்.

மல்லசமுத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் காடு. விவசாய நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். வீடும் ஊருக்குள் இருக்காது, அவரவர் காட்டிலேயே இருக்கும். எங்களுடையது மூன்றரை ஏக்கர். மேற்கே பெரியப்பாவின் காடு, அதைத் தாண்டி ரோடு. வடக்கே ஓடை, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகும் அதைப் பள்ளம் என்போம். தெற்கே நாமக்கல்காரர் ஒருவரின் கோழிப் பண்ணை, அதன் நீளமான சுவர். கிழக்கே கரடு. மலை என்று சொல்ல முடியாத, மண்ணைவிடப் பாறை அதிகமான ஒரு மேடு. அதன் இந்தப் பக்கச் சரிவில் பாதி எங்கள் பட்டாவில் வரும். ஆடுகளையும் மயில்களையும் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை.

வெளியே போக எங்களுக்கு ஒரே ஒரு தடம். பெரியப்பா காட்டின் ஓரமாக, பனைமர வரிசையை ஒட்டி, ரோடு வரை. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது தடம் இரண்டு பேருக்கும் பொது என்று வாயால் பேசிக்கொண்டார்கள். எழுதவில்லை. எழுதினாலும் படிக்க இரண்டு பேருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அதையும் கோடு கோடாக வரைவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய், அதைத் தாண்டி சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரி முடித்து, கணிதத்தில் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தடத்தின் இரண்டு முனையிலும் நான் ஒருத்திதான்.

அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய்.

தடம் வருடா வருடம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. பெரியப்பா ஏர் ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சால் தடத்துக்குள் வந்துவிடும். நான் ஆறாவது படிக்கும்போது லாரி வந்த தடம், கல்லூரி முடித்து வந்தபோது டிராக்டர் டயர் உரசிக்கொண்டு வரும் அளவுக்கு ஆகியிருந்தது. நாங்கள் போடுவது மரவள்ளி. சித்திரையில் நட்டால் தையில் பிடுங்கலாம். பிடுங்கிய கிழங்கை அன்றைக்கே வண்டியில் ஏற்றி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டு நாள் கிடந்தால் கறுத்துப் போகும். அதனால் வண்டி வராத காட்டில் மரவள்ளி நட்டுப் பயனில்லை.

"இன்னும் ரெண்டு வருசம் போனா சைக்கிள்லதானுங்கப்பா கெழங்கு கொண்டு போகோணும்" என்றேன்.

"போச்சாது போ. அவன் என்ன வேணும்னா பண்றான்? மாடு இழுக்குது, ஏரு போகுது."

"டிராக்டர்ல ஓட்டறாரு. மாடு எங்க இருக்குது?"

அப்பா சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அளந்துவிடலாம் என்றேன். அப்பா முகம் மாறியது.

"பங்காளிக்குள்ள சங்கிலி இழுக்கக் கூடாது அம்மணி. அளந்த பொறவு மொகத்த மொகம் பாக்க முடியாது."

"சங்கிலி பொய் சொல்லாதுங்கப்பா" என்றேன் நான்.

மல்லசமுத்திரம் போய் இணையத்தில் மனு போட்டேன். மனுதாரர் என்ற இடத்தில் அப்பா பெயரைத் தட்டச்சு செய்தேன். ஆனால் செல்பேசி எண் என்னுடையது. சர்வேயர் கூப்பிட்டது என்னைத்தான். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். காற்று அப்படி வீசியது, நில அளவுகள் வரைந்த புலப்படத்தை விரித்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் பெரியப்பா. சர்வேயருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். அளக்கட்டும், நல்லதுதானே என்றுதான் அவரும் இருந்தார்.

"மனு போட்டது யாருங்க?"

"நான்தானுங்க" என்றேன்.

அப்பா பக்கத்தில் நிற்கும்போது நான் முந்திக்கொண்டதைப் பெரியப்பா கவனித்தார். என்னைப் பார்த்து இமை கொட்டாமல் ஒரு நொடி நின்றார். பிறகு காகிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மதியத்துக்குள் அளந்து முடித்தார்கள். பழைய எல்லைக் கல் ஒன்று பனைமரத்தின் அடியில் மண்ணுக்குள் இருந்தது. கடப்பாரையால் தோண்டி அதன் தலையைக் கண்டுபிடித்ததும் நான் கைதட்டினேன் என்று அம்மா இப்போதும் சொல்வாள். எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கல்லிலிருந்து பிடித்த அளவுதான் எல்லாவற்றையும் தீர்த்தது.

"இந்தத் தடம் முழுசும் அவங்க சர்வே நம்பர்ல இருக்குதும்மா" என்றார் சர்வேயர். "உங்க எல்லை பனைக்கு அந்தப் பக்கம்தான் ஆரம்பிக்குது."

"அப்ப எங்களுக்குத் தடம்?"

அவர் படத்தில் விரலை வைத்தார். இரண்டு வரிசையாகப் புள்ளிகள் ஓடின. "பழைய வண்டிப்பாதை ஒண்ணு காட்டுது. ஆனா அது ரோட்டுப் பக்கம் இல்ல. கிழக்க. அதோ, அந்தக் கரட்டு மேல."

எல்லோரும் திரும்பிக் கரட்டைப் பார்த்தோம். உச்சிப் பாறையில் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது.

"ஏன் சாமி" என்றார் பெரியப்பா, என்னிடம், நிஜமாகவே வியந்துபோய். "அப்ப இத்தன வருசமும் என்ற காட்டுக்குள்ளயா நடந்தீங்க? எனக்குந் தெரியாமப் போச்சே. நீ படிச்சதுனால தெரியுது."

 சர்வேயர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு பெரியப்பா போகாமல் நின்றார். வேட்டியில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "கள்ளனாட்டம் என்னைய நிக்க வெச்சு அளந்துட்டீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு சால் உட்டு ஓட்டியிருப்பனே."

ஆவணியில் கல்லுக்கால்கள் வந்து இறங்கின. அவற்றை ஏற்றிய டிராக்டர் அந்தத் தடத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் எந்த வண்டியும் வரவில்லை. ஆள் உயரக் கால்கள், ஐந்து வரிசை முள்கம்பி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. ஓர் ஆள் நுழையக்கூட இடைவெளி விடவில்லை. அப்பா இரண்டு முறை பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் ஆளில்லை என்றார்.

திருச்செங்கோட்டில் ஒரு வக்கீலிடம் போனோம். வழக்குப் போட்டால் தடம் கிடைக்கும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். மரவள்ளி தைக்குமேல் காத்திருக்காது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் வழி பள்ளம். அப்பா மொபெட்டை எதிர்க்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் பூட்டிவிட்டு வருவார். அம்மா பால் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி ஏறுவாள். ஆள் உயரக் கரை, அதில் அப்பா மண்வெட்டியால் வெட்டிய எட்டுப் படி. வண்டி இறங்க வாய்ப்பே இல்லை. எதிர்க்கரையில் இருப்பது ஆட்டுத்தடம்தான், வேலிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். புரட்டாசியில் சேர வேண்டும். வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள்: "நீ போயிட்டா அந்தப் படத்த ஆரு பாப்பாங்க?"

நான் போகவில்லை. தைக்குள் ஒரு வண்டி போக வழி கண்டுபிடித்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது பெரிய காரியம் போலத்தான் இருந்தது.

அப்படித்தான் என் சொந்தக் காட்டை முதல்முதலாக நடந்து பார்த்தேன். இருபத்திரண்டு வயது வரை வீட்டிலிருந்து ரோட்டுக்கும், கிணற்றிலிருந்து தொட்டிக்கும் தவிர நான் நடந்ததில்லை. காலையில் புலப்படத்தின் நகலை மடித்துக்கொண்டு கிளம்புவேன். கைபேசியில் வானத்திலிருந்து எடுத்த படமும் இருந்தது. அதில் எங்கள் காடு ஒரு தீப்பெட்டி அளவு. நான்கு பக்கமும் கோடு.

முதலில் பள்ளம். கிழக்கே அதன் உள்ளேயே நடந்தால் எங்காவது வெளியே போகலாம் என்று நினைத்தேன். மணல் நன்றாகக் காய்ந்திருந்தது. கரையை அரித்துக்கொண்டு ஊஞ்சமரத்தின் வேர்கள் விரல் விரலாகத் தொங்கின. மயில்கள் நடந்த கால்தடம், அதன்மேல் கீரி ஓடிய தடம். இவ்வளவு பேர் இந்த வழியாகப் போய் வருகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் கரட்டை நெருங்கியதும் பள்ளம் இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கி, கைக்கு எட்டாத ஒரு வாயாக மேலே போய்விட்டது. மழைக்கு அது அருவி. மற்ற நாளில் ஒரு கறை.

பிறகு தெற்கு. கோழிப் பண்ணைச் சுவரோரம் நடப்பது சுலபம், புல்கூட முளைக்காது. மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு நடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே சமயத்தில் முனகிக்கொண்டிருந்தன. அவை கூண்டை விட்டு இறங்குவதே இல்லை என்று அங்கே வேலை பார்த்த ஒரு அக்கா சொல்லியிருக்கிறாள். சுவர் எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனேன். அது முடியவில்லை. கரட்டின் பாறைமேலேயே ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.

மிச்சம் கரடு. படத்தின் புள்ளிக்கோடும் அங்கேதான் இருந்தது. கைபேசிப் படத்தில் கரட்டுக்கு அந்தப் பக்கம் வட்டமாக ஒரு பச்சை தெரிந்தது. தோப்பு என்று முடிவு செய்தேன். தோப்பு இருந்தால் அதற்கு வண்டித்தடம் இருக்கும். அந்தத் தடம் அந்தப் பக்கத்து ஊருக்குப் போகும். புள்ளிக்கோட்டையும் அந்தப் பச்சையையும் ஒரு நோட்டில் அளவு மாற்றி வரைந்து, நேர்கோட்டில் சேர்த்தேன். கணக்கு சரியாக வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "செரி, செரி" என்றார்.

புரட்டாசி முழுதும் கரட்டில் ஏறி இறங்கினேன். அதற்கென்று வழி எதுவும் இல்லை, ஆனால் வழி மாதிரித் தெரிவது ஏராளம். ஆடுகள் போட்ட தடம் கிளுவைப் புதருக்குள் போய் நின்றுவிடும். விறகு பொறுக்க வந்தவர்கள் போட்ட தடம் ஒரு வெள்ளவேல மரத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வரும். மழை நீர் இறங்கிய கறையைத் தடம் என்று நம்பி ஒரு நாள் முழுக்க ஏறியிருக்கிறேன். பாதி உயரத்தில் ஒரு சுனை, இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும் குழி. அதற்குமேல் பாறையின் குறுக்கே ஒரு வெள்ளைக்கல் கோடு, யாரோ சுண்ணாம்பு பூசியது போல. அதுவரைதான் போக முடியும். அதற்குமேல் வழுக்குப் பாறை.

கரட்டில் அந்த வெள்ளைக்கல்லில் நின்றால்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து ரோடு முழுவதும் தெரியும், தென்மேற்கே திருச்செங்கோட்டு மலை தெரியும். டியூஷன் சென்டரில் இருந்து கூப்பிட்டபோதும் அங்கேதான் நின்றிருந்தேன். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த மாதம் என்றேன். கீழே பஸ் ஒன்று நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போனது.

ஐப்பசியில் பள்ளம் வந்தது. வெட்டிய எட்டுப் படியும் முதல் நாளே கரைந்துபோனது. இடுப்பளவுத் தண்ணீர், கலங்கிய சிவப்பு. ஒன்பது நாள் நாங்கள் மூன்று பேரும் வெளியே போகவில்லை. பால் வண்டிக்காரர் எதிர்க்கரையில் நின்று ஏதோ கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அம்மா கையை விரித்துக் காட்டினாள். பிறகு பாலை உறை ஊற்றினாள், மோர் சிலுப்பினாள், வெண்ணெய் எடுத்தாள், வெண்ணெயை உருக்கினாள். வீடே நெய் மணத்தது. யாருக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்பா வாசலில் நின்று, கம்பி வேலிக்கு அப்பால் பெரியப்பாவின் மகன் கறவை மாடுகளைத் தடத்தின் வழியே ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். மாடுகள் பழக்கத்தில் எங்கள் பக்கம் திரும்பி, கம்பியில் முகம் வைத்து நின்றன.

பத்தாம் நாள் வெயில் அடித்தது. வெள்ளைக்கல் வரை ஏறினேன். ஏறும்போது தலையைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வழுக்குப் பாறைக்குப் பக்கத்தில், நான் எத்தனையோ முறை புல் திட்டு என்று விட்டுவிட்டுப் போன இடத்தில், இரண்டு கோடுகள் மின்னின. இணையாக, சரிவில் வளைந்து மேலே போயின. மழை மண்ணையும் புல்லையும் அரித்துக்கொண்டு போய், பாறையில் இருந்த இரண்டு பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. மண்டியிட்டுக் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. அடி வழவழவென்று இருந்தது. எத்தனையோ காலம் இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிச் சக்கரங்கள் போய்ப் போய்ப் பாறையே தேய்ந்திருந்தது. துப்பட்டாவை விரித்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் அளந்தேன். மேலே, கீழே, வளைவில், எங்கே அளந்தாலும் ஒரே அகலம்.

அங்கிருந்தே அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன்.  அவர் என்னவோ ஏதோ என்று செருப்புக்கூடப் போடாமல் ஏறி வந்தார். கோட்டைப் பார்த்தார். உட்கார்ந்து ஒரு கையை உள்ளே வைத்தார்.

"எத்தன மாடு நுரை தள்ளியிருக்கும்" என்றார்.

"படத்துல இருக்குதுங்கப்பா. இதேதான். நான் சொன்னேன்ல?"

"நீ சொன்ன அம்மணி."

இரண்டு பேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். நான் முன்னால். அப்பா பின்னால் வந்துகொண்டே, கல் உடைத்தால் டிராக்டர் ஏறுமா, எத்தனை பேர் வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். அப்படி அவர் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. உச்சியில் பாறை சமமானது. கோடுகளும் நேராயின. பத்து அடி, இருபது அடி. பிறகு அப்பா பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

பாறை அங்கே முடிந்தது. கத்தியால் கேக்கை வெட்டியது போல நேராக, கீழே கீழே, பனைமரத்தைவிட ஆழமாக. சுவரில் துளை போட்ட தடம் வரிசையாக இருந்தது. அடியில் தண்ணீர், அடர்ந்த பச்சை. தோப்பு என்று நான் வட்டம் போட்டு வைத்திருந்த அந்தப் பச்சை. கல் குவாரி. நான் சிறுமியாக இருந்தபோது மத்தியானங்களில் வெடிச் சத்தம் கேட்கும், தட்டு அதிரும். கரட்டின் தென்கோடியில்தான் வெட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா அந்த வருடங்களில் போர்வெல் லாரியில் ஆந்திராவில் இருந்தார். வந்தபோது குவாரியை மூடிவிட்டார்கள். யாரும் ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

வண்டிக்கோடு இரண்டும் விளிம்பு வரை வந்து, விளிம்பில் இரண்டு சின்னப் பள்ளமாக நின்றன. அவற்றின் வழியே மழைத் தண்ணீர் சொட்டு சொட்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"கல்ல வித்தாங்க" என்றார் அப்பா. "தடமும் கல்லோட போயிருச்சு."

இறங்கும்போது அவர் முன்னால் போனார். 

வீட்டுக்கு வந்து நோட்டைத் தூக்கி எறிந்தேன். அம்மா அதை எடுத்துத் தூசி தட்டி அலமாரியில் வைத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டாலும் எழுதிய காகிதம் தரையில் கிடக்கக் கூடாது அவளுக்கு. பிறகு கேட்டாள்.

"அப்ப வேற வழியில்லயா?"

"இல்ல."

"செரி. அப்ப நாஞ் சொல்றேன். உங்கப்பா ரெண்டு தடவ பெரியப்பா ஊட்டுக்குப் போனாரு. ஊட்ல ஆளில்லைன்னு உங்கிட்டச் சொன்னாரே, அது பொய்யி. பெரியப்பா இருந்தாரு. தடம் தாரேன், ஆனா அளந்தவ வந்து கேக்கட்டும்னு சொல்லியிருக்காரு."

"எப்ப?"

"வேலி போட்ட மக்கியா நாளே."

வேலி போட்ட மறுநாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நான் கரட்டில் ஏறி இறங்கிய ஒவ்வொரு நாளும் வழி வேலிக்கு அந்தப் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எம் பொண்ண அவங்கிட்டப் போயி நிக்கச் சொல்ல மாட்டேன்னாரு. நீயாக் கண்டுபுடிச்சிருவேன்னு நெனச்சாரு. அந்தப் படத்த வெச்சு."

அப்பா மாட்டுக் கொட்டகையில் இருந்தார். அவரிடம் இதைப் பற்றி நான் இன்று வரை கேட்டதில்லை.

உடனே போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. கார்த்திகை போயிற்று. டியூஷன் சென்டரில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மரவள்ளி இலை பழுக்க ஆரம்பித்தது. தினமும் காலையில் வேலி வரை போவேன், கம்பியைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். கேட்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். மனு எழுதத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

மார்கழியில் ஒரு நாள் காலை பள்ளம் சுற்றி, ரோடு போய், பெரியப்பா வீட்டு வாசலுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து கல் எறிந்தால் விழும் வாசல். அவர் தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்து மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மாதான் முதலில் பார்த்தாள்.

"வா அம்மணி. என்ன வெறுங்கையோட வந்திருக்கற? பேப்பர் கீப்பர் ஒண்ணும் கொண்டாரலியா?"

"இல்லீங்."

"செல்லுல எழுதி வெச்சிருப்பா" என்றார் பெரியப்பா, தலை நிமிராமல்.

"இல்லீங் பெரியப்பா. கேக்கலாம்னு வந்தேன்."

"அளந்தது ஆரு?"

"நான்தானுங்க."

"கெடச்சுதா உன்ற தடம்? கரட்டு மேல தெனமும் ஏறுனியே. நானும் இங்கிருந்தே பாத்துட்டுத்தான் இருந்தேன்."

 அவ்வளவு நாளும் கரட்டில் யாரும் பார்க்காத இடத்தில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

"கெடச்சுதுங்க. அந்தப் பக்கம் குவாரி வெட்டிட்டாங்க."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். கிண்டல் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். பண்ணவில்லை. "உச்சி வரைக்குமா?" என்றார். "உச்சி வரைக்குமுங்க" என்றேன். கொஞ்ச நேரம் கரட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குத் தடம் வேணுமுங்க பெரியப்பா" என்றேன். வாக்கியம் அவ்வளவுதான்.

"தாரேன். ஆளு போக ஒரு கடவு உட்டுர்றேன், தெனமும் நடந்துக்கங்க. வண்டிக்கு, கெழங்கு புடுங்கற அன்னைக்குக் கம்பியக் கழட்டி உடறேன். ஆனா வருசா வருசம் நீ வந்து கேக்கோணும். உங்கப்பன் வரப்படாது. கண்ணாலங் கட்டி எந்தச் சீமைக்குப் போனாலும் நீதான் வரோணும்."

"எதுக்குங்க?"

"எளுதி வாங்குன தடத்துக்குப் பத்தரத்துல தேதி இருக்கும். இதுக்கு நீதான் தேதி."

பெரியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

கடவு என்பது இரண்டு கல்லுக்காலை நெருக்கி நட்டு விடும் சந்து. ஆள் ஒருச்சாய்ந்து நுழையலாம், மாடு நுழையாது. அப்பாவின் மொபெட்டும் நுழையாது. அம்மா பால் கேனை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பிறகு நுழைவாள். இப்போது நான் சேலத்தில் வேறொரு இடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கே சேர்ந்தாலும் சம்பளத்துக்கு முன்னால் நான் கேட்பது தையில் இரண்டு நாள் விடுப்பு. என்ன விசேஷம் என்று கேட்பார்கள். ஊரில் ஒரு வேலை என்பேன்.

அந்த முதல் தையில் கிழங்கு பிடுங்கிய நாள், பெரியப்பா காலையிலேயே கட்டிங் பிளேயரோடு வந்தார். இரண்டு கல்லுக்காலுக்கு நடுவில் ஐந்து கம்பியையும் அவிழ்த்துச் சுருட்டி ஓரமாகப் போட்டார். டிராக்டர் உள்ளே வந்தது. ரோட்டில் நின்ற லாரிக்கு நடை நடையாகக் கிழங்கு போயிற்று. பனை வரிசையோரம் அந்தப் பழைய தடத்தில் வண்டி குலுங்கிக்கொண்டு போவதை அப்பா ஒவ்வொரு முறையும் பார்த்தார்.

"என்னுங்க இது, ஒரு கேட்டப் போட்டுட்டா சோலி முடிஞ்சுதே?" என்றார் டிராக்டர் ஓட்டியவர்.

"கேட்டப் போட்டா தொறந்தே கெடக்கும்" என்றார் பெரியப்பா.

சாயங்காலம் கடைசி நடையும் போனது. பிடுங்கிய காடு வெறும் குழியாகக் கிடந்தது. பெரியப்பா கம்பியைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். கீழ்க்கம்பி மூன்றையும் தனியாகக் கட்டிவிட்டார். நான்காவதில் மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்தார். அப்பா சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு உள்பக்கம், அவருக்கு எதிரே நின்றிருந்தேன்.

"சும்மாதான நிக்கற. இதப் புடி அம்மணி."

கம்பி முனையைக் கல்லுக்காலைச் சுற்றி என்னிடம் நீட்டினார். முள் படாமல் இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இழுத்துப் புடி. தொங்கப்படாது."

இழுத்தேன். அவர் பிளேயரால் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"பத்தாது. இன்னும்."

காலைப் பாறை மாதிரி ஊன்றிக்கொண்டு இன்னும் இழுத்தேன்.